குழந்தையின் கைக்கு எட்டும் பாறைகள்

பிதுரங்கல மலையில் படிக்கட்டு உச்சிவரை போவதில்லை. மலையின் இடுப்பில், பாறைக் கூரைக்குக் கீழே செங்கல்லால் கட்டிய சயனப் புத்தர் படுத்திருக்கிறார். அவரைத் தாண்டியதும் பாதை உருண்டு கிடக்கும் பெரும்பாறைகளுக்குள் நுழைந்துவிடும். அங்கிருந்து கால்கள் மட்டும் போதாது. ஒரு கையால் பாறையின் விளிம்பைப் பற்றி, மறு கையை மேலே ஊன்றி, முழங்காலை மடக்கி உடம்பைத் தூக்க வேண்டும். பெரியவர்கள் பலர் இந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். ஏழெட்டு வயதுக் குழந்தைகள் தயங்குவது குறைவு. சந்துக்குள் புகுந்து, வயிற்றால் உரசி, அடுத்த பாறையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். திரும்பி இறங்கும்போதுதான் முகம் மாறுகிறது. ஏறும்போது கண்ணில் படாத பள்ளம் அப்போது நேர் எதிரே தெரிகிறது.

குழந்தைகளோடு வெளிநாட்டு மலைக்குப் போகத் திட்டமிடும் எந்தக் குடும்பமும் கவனிக்க வேண்டிய இடம் இந்த இறக்கம்தான். எந்த மலை, எவ்வளவு உயரம் என்று கேட்பதற்கு முன்னால், கூட வரும் மிகச் சிறிய பிள்ளை எங்கிருந்து தானாகவே பத்திரமாக இறங்கும் என்று கேட்க வேண்டும். இலங்கையின் மாத்தளை மாவட்டம் அந்தக் கேள்விக்கு நல்ல விடைகளை வைத்திருக்கிறது. அளுவிகாரை, தம்புள்ளை, சிகிரியா, பிதுரங்கல, ரிவஸ்டன் என்று கடினத்தில் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடும் இடங்கள் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. இவற்றில் எதற்கும் கயிறோ ஆணியோ வேண்டாம்.

நடைக்கும், கயிறு கட்டிச் செய்யும் பாறையேற்றத்துக்கும் இடைப்பட்ட இந்த வகையை ஆங்கிலேய மலையேறிகள் ஸ்கிராம்ப்ளிங் என்கிறார்கள். இங்கிலாந்தின் லேக் மாவட்டத்திலும் வேல்ஸ் மலைகளிலும் அதற்கு ஒன்று முதல் மூன்று வரை தரம் பிரித்து வழிகாட்டி நூல்கள் எழுதியிருக்கிறார்கள். முதல் தரம் என்றால் அங்கங்கே கையை ஊன்றினால் போதும். மூன்றாம் தரத்தில் பலர் கயிறு எடுத்துச் செல்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் பாறையில் அறைந்த கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்துப் பக்தர்கள் ஏறுகிறார்கள். சதுரகிரியிலும் வெள்ளியங்கிரியிலும் பாறையும் வேரும் பற்றி நடந்த பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேண்டுதலுக்காகப் போகும்போது ஏறியே தீர வேண்டும் என்ற உறுதியோடு போகிறோம். பிள்ளைகளோடு விடுமுறைக்குப் போகும்போது பாதியில் திரும்பும் உரிமையையும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பருவமும் நேரமும்

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து தம்புள்ளைக்குச் சாலையில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். யாழ்ப்பாணம் வழியாக வருகிறவர்களுக்கு வழி இன்னும் எளிது. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 சாலை தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை ஆகிய ஊர்களின் நடுவே போகிறது. கண்டியிலிருந்து வர விரும்புகிறவர்களுக்கு 1880இல் திறந்த மாத்தளைக் கிளை ரயில்பாதை இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்த மெதுவான ரயிலே ஒரு பொழுதுபோக்கு.

மாவட்டம் ஒன்றுதான், ஆனால் வானிலை இரண்டு. வடக்கே தம்புள்ளையும் சிகிரியாவும் உலர்வலயத்தின் சமவெளியில் இருக்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை அங்கே மழை குறைவு, வெயில் கடுமை. தென்கிழக்கே எழும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு இரண்டு பருவக்காற்றுகளும் மழை கொண்டுவருகின்றன. பருவங்கள் மாறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் காலை தெளிவாக இருந்தாலும் பிற்பகலில் இடியுடன் மழை வருவது வழக்கம். மொட்டைப் பாறையின் உச்சியில் மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை. ஆகவே அந்த மாதங்களில் ஏற்றத்தைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். நண்பகலுக்கு மேல் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது.

மழைக்காலத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இலங்கையின் மலை மாவட்டங்களைச் சிதைத்தது. மாத்தளையிலும் மண் சரிந்தது, சாலைகள் துண்டிக்கப்பட்டன. மலைச்சரிவுகளுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. ரிவஸ்டன் பக்கம் போகும் நாளுக்கு மஞ்சள் எச்சரிக்கை இருந்தாலே திட்டத்தை மாற்றிச் சமவெளிப் பக்கம் போய்விடலாம். மாற்று இடம் ஒரே மாவட்டத்துக்குள் இருப்பது இந்தப் பயணத்தின் பெரிய வசதி.

நேரக் கணக்கைப் பெரியவரின் நடையை வைத்துப் போடக் கூடாது. பெரியவர் அரை மணியில் ஏறும் பாறைக்குக் குழந்தையோடு ஒரு மணி நேரம் வைக்கலாம். இறக்கத்துக்கும் அதே ஒரு மணி நேரம். ஓணானைப் பார்க்க நிற்பது, சப்பாத்துக் கயிறு கட்டுவது, பிஸ்கட் தின்பது எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடக்கம். திரும்பும் நேரத்தையும் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒன்பதரை ஆனால் எங்கே இருந்தாலும் திரும்புகிறோம் என்று காலையிலேயே சொல்லிவைத்தால் பாதி வழியில் கண்ணீர் குறையும்.

முதல் இரண்டு நாள்: கால் பழகட்டும்

பயணத்தின் முதல் நாளே பெரிய பாறையில் ஏறுவது பலரும் செய்யும் காரியம். மாத்தளை நகரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் வடக்கே இருக்கும் அளுவிகாரையில் தொடங்குவது நல்லது. பிளந்து நிற்கும் பெரும்பாறைகளின் இடுக்குகளில் குகை விகாரைகள் அமைந்திருக்கின்றன. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வந்த திரிபிடகம் இங்கேதான் ஓலையில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. ஒருநாள் காலையில் குழந்தைக்கு இங்கே கிடைக்கும் பாடங்கள் பல. பாறை இடுக்கில் பக்கவாட்டாக நடப்பது எப்படி, ஈரப் படியில் கால் வைப்பது எப்படி, மேலே நிற்கும்போது விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை எல்லாம் ஆபத்தில்லாமல் பழகிக்கொள்ளலாம். ஒரு குகையில் நரகத் தண்டனைகளைக் காட்டும் ஓவியங்களும் உருவங்களும் உண்டு. சின்னஞ்சிறுசுகளை அங்கே அழைத்துப் போவதற்கு முன் பெற்றோர் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

அங்கிருந்து வடக்கே போகும் வழியில் நாலந்தா கெடிகே. முழுக்கக் கல்லால் கட்டிய இந்தச் சிறிய கோயில், பார்த்த உடனே மாமல்லபுரத்தை நினைவுபடுத்தும். பௌத்தக் கட்டடத்தில் தென்னிந்தியக் கோயில் சிற்ப மரபு கலந்திருக்கிறது. போவதென்ன நீர்த்தேக்கத்தின் தண்ணீரில் மூழ்கிவிடக் கூடாது என்று 1970களில் கல் கல்லாகப் பிரித்து, உயரமான இடத்தில் மறுபடி அடுக்கினார்கள். ஏற்றம் எதுவும் இல்லை. புல்வெளியும் ஏரியும் இருக்கின்றன. பிள்ளைகள் ஓடட்டும்.

இரண்டாம் நாளுக்குத் தம்புள்ளை. சமவெளியிலிருந்து ஏறக்குறைய 160 மீட்டர் எழும் பாறையின் வயிற்றில் ஐந்து குகைகள், உள்ளே புத்தர் சிலைகள், கூரை முழுக்க ஓவியம். 1991இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மேலே போக அகலமான படிகளும் சரிவான பாறையும் உண்டு. எந்த இடத்திலும் கை ஊன்ற வேண்டியதில்லை. ஆனால் குகை வாசலில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். நண்பகலில் வெறுங்காலோடு அந்த முற்றத்துப் பாறையில் நடக்கும் குழந்தை துள்ளிக் குதிக்கும். காலை எட்டு மணிக்கு முன்னால் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் தடித்த காலுறை ஒரு சோடி கொண்டுபோக வேண்டும். வழியெங்கும் செங்குரங்குகள். இலங்கையில் மட்டுமே வாழும் இந்த இனத்துக்கு மனிதரிடம் பயம் போய்விட்டது. கையில் வாழைப்பழம் வைத்திருக்கும் குழந்தையிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போகும். சாப்பாடு பைக்குள் இருக்கட்டும், பை பெரியவர் தோளில் இருக்கட்டும்.

ஆயிரத்து இருநூறு படிகள்

சிகிரியாவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு முன்பே கதை சொல்லி அழைத்துப் போகலாம். தந்தை தாதுசேனனைக் கொன்று ஆட்சியைப் பிடித்த காசியப்பன், தம்பி முகலனுக்குப் பயந்து கி.பி. 477 முதல் 495 வரை இந்தப் பாறையைத் தலைநகராக்கிக்கொண்டான். சமவெளியிலிருந்து 180 மீட்டர் செங்குத்தாக எழும் கல்லின் உச்சியில் அரண்மனையும் குளமும் கட்டினான். நாடு பிடிக்க வந்த தம்பியோடு சமவெளியில் இறங்கிப் போரிட்டு உயிரை விட்டான். கதை தெரிந்த குழந்தை ஒவ்வொரு திருப்பத்திலும் கேள்வி கேட்கிறது. கேள்வி கேட்கும்போது கால் வலி மறந்துபோகிறது.

ஏற்றம் ஏறக்குறைய 1,200 படிகள். நந்தவனம், நீர்த்தோட்டம், பாறைத்தோட்டம் கடந்து, சுழல் படியில் ஓவியங்களுக்கு ஏறி, கண்ணாடிச் சுவரை ஒட்டி நடந்தால் சிங்கப் பாதங்களின் மேடை வரும். கண்ணாடிச் சுவரில் பழங்காலப் பயணிகள் கீறி வைத்த கவிதைகளில் 685ஐப் படித்து, தொல்லியல் அறிஞர் பரணவிதான 1956இல் நூலாக வெளியிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் இங்கே சுற்றுலா வந்திருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. சுவரில் இப்போது யாரும் பெயர் எழுதக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம்.

சிங்க மேடையிலிருந்து உச்சிக்குப் பாறையில் பொருத்திய இரும்புப் படிகள். அவற்றின் இடைவெளி வழியே கீழே ஆழம் தெரியும். உயரத்துக்கு அஞ்சும் குழந்தையையும் பெரியவரையும் இந்த மேடை அடையாளம் காட்டிவிடும். வற்புறுத்தாமல் ஒருவர் மேடையிலேயே அவர்களோடு தங்குவதே சரி. படிக்கட்டுக்குப் பக்கத்தில் பாறையை உற்றுப் பார்த்தால் வரிசையாகக் கொத்திய சிறு பள்ளங்கள் தெரியும். காசியப்பன் காலத்துச் செங்கல் படிக்கட்டைத் தாங்குவதற்காக வெட்டியவை. அந்தப் படிக்கட்டு இடிந்து போனபின் நூற்றாண்டுக் கணக்கில் உச்சிக்கு வழியில்லாமல் இருந்தது. 1853இல் ஆடம்ஸ், பெய்லி என்ற ஆங்கிலேயர் இருவர் பாறையைப் பற்றியே உச்சிக்கு ஏறினார்கள்.

சிகிரியாவில் விழுந்துவிடுவோமோ என்பதைவிடக் குளவிக்கு அதிகம் அஞ்ச வேண்டும். பாறை முகட்டில் பெருங்கூடுகள் தொங்குகின்றன. சத்தம் போட வேண்டாம் என்று அறிவிப்புப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். கூட்டம் கலைந்து பாய்ந்தால் ஒதுங்குவதற்கு வலைபோட்ட அடைப்பும் உண்டு. குளவிக் கொட்டுக்கு ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் மருத்துவர் சொன்ன மருந்து கையில் இல்லாமல் இந்தப் பாறைக்குப் போகவே கூடாது. நுழைவுச்சீட்டு வெளிநாட்டவருக்கு விலை கூடியது. சார்க் நாட்டவருக்கு அதில் சலுகை உண்டு. அதைப் பெற ஒவ்வொருவரின் கடவுச்சீட்டையும் கொண்டுபோக வேண்டும்.

பிதுரங்கல: கைகளுக்கு வேலை

சிகிரியாவின் வடக்கே, கூப்பிடு தூரத்தில் எதிர்ப்பாறையாக நிற்கிறது பிதுரங்கல. காசியப்பன் சிகிரியாவை அரண்மனையாக்கியபோது, அங்கே இருந்த பிக்குகளை இங்கே குடியமர்த்தி விகாரை கட்டிக்கொடுத்தான் என்பது மரபு. அடிவாரத்தில் இன்றும் விகாரை இயங்குகிறது. நுழைவுக் கட்டணம் விகாரைக்குப் போகிறது. சிகிரியாவின் வெளிநாட்டுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். மேலே போனபின் சட்டையைக் கழற்றுவதும், புத்தருக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதும் இந்த நாட்டில் மனதைப் புண்படுத்தும் செயல்கள். பிள்ளைகளுக்கு இதை அடிவாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

முதல் பகுதி மரநிழலில் ஏறும் ஒழுங்கற்ற கற்படிகள். படிகளின் உயரம் ஒன்றுபோல் இல்லாததால் ஐந்து வயதுக் குழந்தைக்குச் சில படிகள் இடுப்பளவு வரும். அவசரப்படுத்தாமல் விட்டால் இருபது முப்பது நிமிடத்தில் சயனப் புத்தரிடம் சேரலாம். சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இதுவே ஒரு முழு நாளின் இலக்காக இருக்கலாம். நிழல் இருக்கிறது, காற்று இருக்கிறது, காட்டின் மேற்பரப்பு தெரிகிறது. இங்கிருந்து திரும்பும் குடும்பம் எதையும் இழந்துவிடவில்லை.

இதற்கு மேல்தான் பாறைகள். பல்லாயிரம் கைகள் பற்றிப் பற்றிச் சில விளிம்புகள் வழவழப்பாகிவிட்டன. ஒரு பாறையின் அடியில் குனிந்து நுழைந்து, அடுத்ததன் முதுகில் ஏற வேண்டும். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு இந்தச் சந்துகளில் போக முடியாது. கட்டிய குழந்தையின் தலை மேற்பாறையில் இடிக்கும். எனவே தானாக ஏறி இறங்கத் தெரிந்த பிள்ளைகளுக்கே இந்தப் பகுதி. கை ஊன்றி ஏறும் இடத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. இரண்டு பெரியவர், மூன்று சிறு பிள்ளைகள் என்றால் முறை வைத்து ஏற வேண்டும். மற்றவர்கள் புத்தரிடம் காத்திருக்கட்டும்.

ஏறும் முறையைச் சயனப் புத்தர் பக்கத்திலுள்ள சிறு பாறை ஒன்றிலேயே பழக்கிவிடலாம். இரு கை, இரு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நகரலாம். பிள்ளைகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள். நகர்த்தும் கையை எங்கே வைக்கப் போகிறோம் என்று முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பில் விரலை விடக் கூடாது. பாம்பும் தேளும் அந்தக் குளிர்ச்சியைத் தேடித்தான் வருகின்றன. முழங்காலை ஊன்றுவது குழந்தைகளின் வழக்கம். முழங்கால் வழுக்கும், தோலும் உரியும். காலின் முன்பாகத்தை வைத்து எழும்பச் சொல்ல வேண்டும்.

பெரியவர் நிற்கும் இடம் முக்கியம். ஏறும்போது பிள்ளைக்குக் கீழே, இடுப்புக்குப் பின்னால் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். மேலே ஏறி நின்று கையைப் பிடித்து இழுப்பதுதான் பெற்றோர் வழக்கமாகச் செய்வது. சிறு குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்தால் முழங்கை மூட்டு விலகிவிடலாம். இழுபட்டு ஏறிய இடத்தில் இறங்குவது எப்படி என்றும் அதற்குத் தெரியாது. இறங்கும்போது பெரியவர் முதலில் இறங்கி, பிள்ளையைப் பாறையைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லி, அதன் பாதத்தைக் கையால் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் கீழே, இடப்பக்கம், அவ்வளவுதான், வை" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும். குரலில் பதற்றம் வந்தால் குழந்தையின் காலிலும் பதற்றம் வரும்.

உச்சி அகன்ற மொட்டைப் பாறை. தெற்கே சிகிரியா முழு உருவத்தோடு நிற்கும். சிகிரியாவின் உச்சியில் நிற்கிறவர்களுக்குக் கிடைக்காத காட்சி அது. ஆனால் இங்கே வேலி இல்லை. பாறை வளைந்து வளைந்து சரிவதால் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று குழந்தையால் கணிக்க முடியாது. நடுவில் ஓர் இடம் பார்த்து உட்கார வைத்து, சாப்பிட வைத்து, எழுந்து நடப்பதென்றால் பெரியவர் கையைப் பிடித்துத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

பிதுரங்கலவில் சூரிய உதயம் பார்ப்பது இப்போது பெரிய மோகமாகிவிட்டது. விடியுமுன் இருட்டில் விளக்கோடு வரிசையாக ஏறுகிறார்கள். குழந்தைகளோடு அதைத் தவிர்ப்பதே நல்லது. கை வைக்கும் இடம் இருட்டில் தெரியாது. பாறைச் சந்தில் முன்னும் பின்னும் கூட்டம் நெருக்கும். சிகிரியாவைச் சுற்றிய சாலைகளில் இருட்டு வேளையில் காட்டு யானைகள் நடமாடுவதும் உண்டு. உதயக் கூட்டம் இறங்கும் நேரத்தில், ஏழு மணியளவில், அடிவாரத்துக்கு வந்தால் பாறை குளிர்ந்திருக்கும், இடமும் இருக்கும்.

ரிவஸ்டன்: காற்றும் மூடுபனியும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாகக் கிழக்கே ஏறும் சாலை, தேயிலையையும் மிளகுக் கொடிகளையும் கடந்து நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் போகிறது. முப்பது கிலோமீட்டர் அளவிலேயே வேறு உலகம். சமவெளியின் வெக்கை போய்க் குளிர்காற்று முகத்தில் அறையும். 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டபோது அதன் மூன்று பகுதிகளில் ஒன்றாக நக்கிள்ஸ் சேர்ந்தது. மிக உயர்ந்த சிகரமான கொம்பனிய 1,906 மீட்டர். காற்று விடாமல் அடிப்பதால் மேட்டு மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் வளராமல் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. மூக்கின் நுனியில் சிறு இலைபோலச் சதை நீட்டிக்கொண்டிருக்கும் ஓணான் ஒன்று இந்த மலைகளில் மட்டுமே வாழ்கிறது. அதைத் தேடுவதைப் பிள்ளைகளின் பொறுப்பில் விட்டால் நடை தானாக மெதுவாகும்.

ரிவஸ்டன் பக்கத்தில் குழந்தைகளுக்கு ஏற்றது பிட்டவல பத்தனை என்ற புல்வெளி. வனத்திணைக்களத்தின் சீட்டு வாங்கிக்கொண்டு, பரல் மண்ணில் குட்டைப் புல் விரிந்த நிலத்தின் குறுக்கே சிறிது தூரம் நடந்தால், நிலம் திடீரென்று முடிந்து பள்ளத்தாக்கு திறக்கிறது. ஏற்றமே இல்லாத பாதை என்பதால் பிள்ளைகள் ஓடத் தோன்றும். ஓட்டத்தின் எல்லையில் இருப்பதோ செங்குத்து விளிம்பு. மூடுபனி இறங்கினால் சில நிமிடங்களில் பத்தடிக்கு முன்னால் இருப்பதும் மறைந்துவிடும். பனி தெரிந்தவுடன் கையைக் கோத்துக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும்.

காட்டுப் பாதையில் அட்டை இருக்கும். அதற்காகப் பயணத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறையின்மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் பெருமளவு தப்பலாம். கடித்தால் நகத்தால் பக்கவாட்டில் நெம்பி எடுத்து, கழுவி, அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். இங்குள்ள அருவிகளும் ஓடைகளும் அழகானவை. மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். குளிப்பதானால் ஊர்க்காரர் காட்டும் இடத்தில், முழங்கால் ஆழத்தில் மட்டும்.

இதே மலைகளில் மணிகல போன்ற நீண்ட நடைகளும், லக்கேகல போன்ற செங்குத்துப் பாறைகளும் உண்டு. மணிகலவுக்குப் பதின்ம வயதுப் பிள்ளைகளை உள்ளூர் வழிகாட்டியோடு அழைத்துப் போகலாம். லக்கேகல பழகிய மலையேறிகளுக்கானது. படம் நன்றாக இருக்கிறது என்று குழந்தைகளோடு அதன் அடியில் போய் நிற்பவர்கள் உள்ளூர்க்காரர் சொல்லைக் கேட்டுத் திரும்ப வேண்டும்.

ஏ-9 சாலையின் இன்னொரு நடை

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வண்டியில் வரும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக இந்தத் திசையில்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். ஆண்களும் பெண்களும் கைக்குழந்தைகளும் வந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைக் கொன்றன. 2023இல், மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள்.

மாத்தளை நகரின் முத்துமாரியம்மன் கோயில் இந்த வரலாற்றின் நடுவே நிற்கிறது. மாசி மகத்துக்கு ஐந்து தேர்கள் ஓடும். பயணம் அந்தப் பருவத்தில் அமைந்தால் மலையேற்றத்துக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்துத் தேர் பார்க்கலாம். தோட்டத்துப் பிள்ளைகள் இரத்தோட்டை மலைச்சரிவுகளில் நாள்தோறும் பள்ளிக்கு ஏறி இறங்குகிறார்கள். லண்டனிலும் டொராண்டோவிலும் செயற்கைச் சுவரில் ஏறப் பழகிய தமிழ்ப் பிள்ளைகள், தங்கள் வயதுக்காரர்கள் இந்தச் சரிவுகளில் எப்படி நடக்கிறார்கள் என்று பார்ப்பதும் இந்தப் பயணத்தின் பயன்தான்.

பையும் பத்திரமும்

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. பிடிப்புள்ள ரப்பர் அடியுடன் பழகிய சப்பாத்து. புதிதாக வாங்கியது கூடாது. ஆளுக்கு ஒரு லீட்டருக்குக் குறையாமல் தண்ணீர். தொப்பி, மெல்லிய மழைச்சட்டை, கட்டுத்துணி, கிருமிநாசினி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம். தின்பதற்கு வேர்க்கடலை, பேரீச்சை, வாழைப்பழம். இறங்கியபின் அடிவாரத்துக் கடையில் செவ்விளநீர் கிடைக்கும். மதியத்துக்கு இடியப்பமும் சொதியும், இனிப்புக்குத் தயிரும் கித்துல் பாணியும். பாறையின் உச்சியில் குப்பைத்தொட்டியும் கழிப்பறையும் இல்லை. கொண்டுபோனதைக் கீழே கொண்டுவருவதும், புறப்படும் முன் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அனுப்புவதும் பெற்றோரின் வேலை.

அவசரத்துக்கு 1990 என்ற எண். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை அது, கட்டணம் இல்லை. தம்புள்ளையில் ஆதார வைத்தியசாலையும், மாத்தளையில் மாவட்டப் பொது வைத்தியசாலையும் உண்டு. பாறையின் மேலே ஆம்புலன்ஸ் வராது என்பதையும் மறக்கக் கூடாது. சுளுக்கிய காலோடு ஒரு குழந்தையைப் பிதுரங்கலச் சந்துகள் வழியே இறக்குவதற்குப் பலர் கை கொடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் களைப்பு தெரிந்த உடனே, காயம் வருவதற்கு முன்னாலேயே, திரும்ப வேண்டியிருக்கிறது.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளோடு வருகிறவர்கள் அளுவிகாரை, தம்புள்ளை, பிட்டவல பத்தனை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆறு முதல் பத்து வயது என்றால் சிகிரியாவை ஒருநாள் காலையிலும், இடையில் ஒருநாள் ஓய்வு விட்டுப் பிதுரங்கலவை மற்றொரு காலையிலும் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். கைச்செலவோ நேரமோ ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால் பிதுரங்கலவையே தேர்ந்தெடுங்கள். சிகிரியாவில் பிள்ளை படிகளை எண்ணிக்கொண்டு ஏறும். பிதுரங்கலவில் தன் கையையும் காலையும் நம்பி ஏறும். சயனப் புத்தர்வரை போய்த் திரும்பினாலும் அந்த நாளை முழு நாளாகவே கணக்கில் வையுங்கள். மீதிப் பாறைகளைப் பிள்ளை ஓரிரண்டு வயது வளர்ந்தபின் வந்து ஏறிக்கொள்ளலாம்.